எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பு ஏறவில்லையே, என்ன செய்வது?

மூன்று வேளை சாப்பிட்டும் எடை ஏறவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். வயிறு முட்டத் திணிக்காதீர்கள், சாப்பாடே வெறுத்துவிடும். ‘இளைத்தவனுக்கு எள்ளு’ என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. 100 கிராம் எள்ளில் ஏறக்குறைய 570 கலோரி இருக்கிறது. வேர்க்கடலையிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், கூடவே 25 கிராம் புரதமும் உண்டு. இட்லிக்கு எள்ளுப்பொடியும் நல்லெண்ணெயும், மாலையில் கடலை உருண்டை, வாரம் இரண்டு நாள் கருப்பட்டி போட்ட உளுந்தங்களி (எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்) என்று ரசித்துச் சாப்பிடுங்கள். தினமும் 300 முதல் 500 கலோரி கூடினால் போதும்.

அப்புறம், வாரம் மூன்று நாள் தண்டால், பஸ்கி எடுங்கள். பயிற்சி இல்லாவிட்டால் ஏறும் எடையில் பெரும்பகுதி கொழுப்பாகத்தான் இருக்கும். காரணமே இல்லாமல் எடை குறைந்துகொண்டே போனால், முதலில் மருத்துவரிடம் போய் தைராய்டு, சர்க்கரை இரண்டையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.