மேயரின் அதிகாரம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்னை மேயருக்கு அங்கியும் சங்கிலியும்தான் இருக்கின்றன. நிர்வாகம் முழுவதும் அரசு அனுப்பும் ஆணையரிடம். லண்டனின் சாதிக் கானைப் போல, மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் அதிகாரமுள்ள மேயர் நமக்கும் வேண்டாமா? இந்த அமைப்பில் நம்பிக்கை இல்லாததால் 2022 தேர்தலில் நான் வாக்களிக்கவில்லை. எங்கள் கவுன்சிலர் யாரென்றும் தெரியாது.

க., விருகம்பாக்கம்

அன்புள்ள க.,

ஆணையர் மேயருக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. குடிநீரும் கழிவுநீரும் 1978 முதல் தனி வாரியத்திடம் இருக்கின்றன. அவையும் மாநகராட்சிக்கு வர வேண்டும். நேரடித் தேர்தலா, மறைமுகத் தேர்தலா என்பதை ஆட்சிக்கு வருகிறவர்கள் தங்கள் வசதிப்படி மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். அதை விட்டுவிடுவோம்.

லண்டனைச் சொன்னீர்கள். 1986-ல் தாட்சர் அரசு அந்த மாநகர மன்றத்தையே ஒழித்தது. 2000-ல் மேயர் வரும்வரை நகர் முழுமைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட அவை இல்லை. நம் கதை அதைவிட மோசம். முறைகேட்டுப் புகாரில் 1973-ல் கலைக்கப்பட்ட சென்னை மாநகராட்சி மன்றம் 1996-ல்தான் திரும்ப வந்தது. பிறந்த குழந்தை வளர்ந்து வேலைக்குப் போகும்வரை இந்த நகரத்துக்குக் கவுன்சிலரே கிடையாது! பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பில் எழுதிய பிறகாவது திருந்தினோமா? 2016 அக்டோபரில் முடிந்த மன்றத்துக்கு 2022 பிப்ரவரியில் தேர்தல். இடஒதுக்கீட்டு வழக்கு, வார்டு மறுவரையறை என்று காரணங்கள் வந்தன. மன்றத்துக்குப் பதிலாக அரசு அமர்த்திய தனி அலுவலரின் காலம் ஆறாறு மாதமாக நீண்டது.

அப்போது வடசென்னையில் என் சித்தி வீட்டுத் தெருவில் சாக்கடை பொங்கி வாசலுக்கு வந்தது. முன்பெல்லாம் விடிந்ததும் கவுன்சிலர் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டுவிட்டு வருவாள். மாலைக்குள் ஆள் வந்துவிடும். அன்றும் போனாள். அவர் நாற்காலி போட்டு உட்காரவைத்து, "நான் இப்போது முன்னாள், அம்மா. என் பேச்சை எந்த இன்ஜினியரும் கேட்க மாட்டார்" என்றிருக்கிறார். அலுவலகத்தில் புகார் எண் கொடுத்தார்கள். எண்ணிடம் போய் எப்படிச் சண்டை போடுவது?

நீங்கள் கேட்கும் அதிகாரமெல்லாம் பெற்ற மேயர் இருந்திருந்தாலும் அந்த ஆண்டுகளில் அவரும் முன்னாள்தான். மன்றத்தையே இல்லாமல் ஆக்கும் வசதி மாநில அரசின் கையில் இருக்கும்வரை, மேயருக்குத் தரும் எந்த அதிகாரமும் இரவல்தான்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. சித்திக்குக் கவுன்சிலர் இல்லை. உங்களுக்கு இருக்கிறார், லண்டன் மேயரைத் தெரிந்த நீங்கள் அவர் பெயரைக் கேட்டு வைக்கவில்லை. சென்னையில் பாதிப் பேருக்கு மேல் வாக்களிக்காத தேர்தல் அது. அதைத் தள்ளிப்போட யாருக்குத்தான் பயம் வரும்? உங்கள் வயதில் இவ்வளவு அக்கறையோடு மேயரைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

இந்த மன்றத்தின் காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. அதற்கு முன் தேர்தல் அறிவிப்பு வராவிட்டால், இதே வேகத்தில் மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு எழுதுங்கள். எனக்கு ஒரு நகல் போதும்.