'வெரி' இருக்கும் இடத்தில் 'அட்டர்லி' வருமா?

கேள்வி: 'அட்டர் வேஸ்ட்' என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் எழுதும்போது 'வெரி' வரும் இடத்திலெல்லாம் 'அட்டர்லி' போடலாமா?
- திருமங்கலம் வாசகர்

பதில்: கூடாது. 'வெரி' அளவைக் கூட்டும்; 'அட்டர்லி' என்றால் முற்றிலும், அடியோடு. சூடு கூடும் குறையும். அதனால் மாட்டுத்தாவணியில் குடிக்கிற டீ 'வெரி ஹாட்'தான், 'அட்டர்லி ஹாட்' ஆகாது. ஆனால் 'இம்பாசிபிள்', 'யூஸ்லெஸ்' போன்றவை ஏற்கெனவே எல்லையில் நிற்பவை. அவற்றோடுதான் 'அட்டர்லி' ஒட்டும். 'வெரி இம்பாசிபிள்' என்று எழுதினால் தவறு. 'டயர்ட்' என்றால் 'வெரி', 'எக்ஸாஸ்டட்' என்றால் 'அட்டர்லி'. இந்த ஒரு ஜோடியை மனதில் வைத்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

இன்னொன்று, இது பெரும்பாலும் குறை சொல்லத்தான் வரும். 'அட்டர்லி டிலைட்ஃபுல்' என்பதும் நல்ல ஆங்கிலமே. ஆனாலும் பாராட்டுக் கடிதத்தில் 'அப்சொலூட்லி' போடுவதே பத்திரம். மாநகராட்சிக்குப் புகார் எழுதுகிறீர்களா? 'தி ரோடு இஸ் அட்டர்லி அன்யூசபிள்' என்று தாராளமாக எழுதலாம்.

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'லி' உதிர்ந்துவிடும்: 'அட்டர் நான்சென்ஸ்', 'அட்டர் டார்க்னஸ்'. நீங்கள் சொன்ன 'அட்டர் வேஸ்ட்' பேச்சுக்குச் சரி. எழுத்தில் 'இட் வாஸ் ஆன் அட்டர் வேஸ்ட் ஆஃப் டைம்' என்று முழுசாக வர வேண்டும். அந்த 'ஆன்'தான் நம்மவர்கள் வழக்கமாக விட்டுவிடுவது.

வாய் திறந்து சொல்வதைக் குறிக்கும் 'அட்டர்' என்ற வினைச்சொல் வேறு; இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.