கடனே இல்லாத ஐபார் கால்பந்து கிளப்புக்கு 2014ல ஏன் பணப் பிரச்சனை வந்துச்சு?

ஸ்பெயின்ல பாஸ்க் பகுதில மலைகளுக்கு நடுவுல இருக்குற ஊருங்க ஐபார், மொத்தமே 27 ஆயிரம் பேர் தான், ஒரு காலத்துல துப்பாக்கி தயாரிப்புக்கு பேர்போன ஊர், அதான் டீமுக்கும் 'ஆர்மெரோஸ்' (துப்பாக்கி செய்றவங்க)னு பட்டப்பேரு. கிளப் ஆரம்பிச்சது 1940. ஸ்பெயின் ஸ்டார் ப்ளேயர்ஸ் சாபி அலோன்சோ, டேவிட் சில்வா எல்லாம் சின்ன வயசுல லோன்ல (அதாவது சொந்த கிளப் தற்காலிகமா அனுப்பி வச்சு) வந்து இங்க ஆடிருக்காங்க.

இப்போ கேள்விக்கு வரேன். 2014ல ஸ்பெயினோட டாப் டிவிஷனான லா லிகாவுக்கு ப்ரமோட் ஆகிட்டாங்க, ஆனா ஸ்பெயின் சட்டப்படி கிளப்போட மூலதனம் எவ்ளோ இருக்கணும்னு மத்த டீம்களோட சராசரி செலவை வச்சு தான் கணக்கு போடுவாங்க, நீங்க சிக்கனமா நடத்துறீங்களாங்கறதெல்லாம் மேட்டரே இல்ல, அதனால கடனே இல்லாத இவங்களுக்கு சுமார் 17 லட்சம் யூரோ துண்டு விழுந்துச்சு (கடன்ல மூழ்கின கிளப்லாம் ஜாலியா ஆடிட்டு இருந்துச்சு, என்ன லாஜிக்கோ!). ஒரே பணக்காரர் கைல கிளப் போயிடக்கூடாதுன்னு ஒருத்தருக்கு இவ்ளோ தான்னு லிமிட் வச்சு, ஆன்லைன்ல ஷேர் வித்தாங்க, பல நாட்டுல இருந்து ரசிகர்கள் வாங்கி காப்பாத்திட்டாங்க.

முதல் மேட்ச்லயே ரியல் சோசிடாட்டை 1-0ன்னு காலி பண்ணாங்க. ஆனா சீசன் முடிவுல 18வது இடம், கீழ் டிவிஷனுக்கு இறங்கிருக்கணும், எல்சே டீமை கடன் பிரச்சனைக்காக கீழ இறக்கினதால தப்பிச்சாங்க. அப்புறம் 2018ல ரியல் மாட்ரிட்டையே 3-0ன்னு அடிச்சு, 2021 வரைக்கும் டாப் டிவிஷன்லயே இருந்தாங்க.