அரசு மருத்துவம் சில ஊர்களில் ஓடுகிறது, சில ஊர்களில் படுத்துவிடுகிறது, ஏன்?

கேள்வி கேட்டவரின் சந்தேகம் இது: வளரும் நாடுகள் பலவற்றில் ஆஸ்பத்திரிக் கட்டடமும் நிதியும் இருந்தும் பொதுச் சுகாதாரம் ஏன் தடுமாறுகிறது, தமிழ்நாட்டில் மட்டும் எப்படி ஓரளவு நடக்கிறது?

மேலூர்ப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பொருளாதாரம் படித்ததில்லை. மருந்து கொடுக்கிற ஜன்னலுக்கு உள்ளே நின்று பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

கட்டடத்தை முதலில் முடித்துவிடுவோம். மதுரைக்காரர்களுக்கு அதில் பெரிய விளக்கம் தேவையில்லை. தோப்பூர் எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் பிரதமர் வந்து அடிக்கல் நாட்டினார். 2022இல் முதல் மாணவர்கள் சேர்ந்தபோது தோப்பூரில் வகுப்பறை கிடையாது. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில்தான் படித்தார்கள். அதே வருடங்களில் எங்கள் மருந்து அறைக்குப் பிரஷர் மாத்திரை வந்துகொண்டுதான் இருந்தது. முதலாவது செய்தியானது. இரண்டாவதைப் பற்றி யார் எழுதப் போகிறார்கள்?

அந்த மாத்திரை எப்படி வந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மாத்திரை டின்னில் உதிரியாக வரும். எண்ணிக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொடுப்போம். மழைக்காலத்தில் பாதி பொடிந்துவிடும். எது எப்போது வரும், எது வரவே வராது என்று யாருக்கும் தெரியாது. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்தது. மாநிலம் முழுவதற்கும் ஒரே இடத்தில் டெண்டர், மாவட்டங்களில் கிடங்கு, கம்பெனிப் பெயர் போடாமல் மருந்தின் பெயரிலேயே கொள்முதல். மாத்திரைப் பட்டையில் 'தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல' என்று அச்சாகி வந்ததால் வெளியே கடத்தி விற்பதும் கடினமாகிவிட்டது. ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும் மாதிரி எடுத்து, தயாரித்தவர் யார் என்று தெரியாதபடி மறைத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவார்கள். தேறாத சரக்கு கிடங்கைத் தாண்டி எங்களிடம் வரக்கூடாது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது பாஸ்புக். உங்கள் நிலையத்துக்கு இந்த வருடம் இவ்வளவு ரூபாய்க்கு மருந்து என்று அதில் எழுதியிருக்கும். நாங்கள் இன்டென்ட், அதாவது தேவைப் பட்டியல், போட்டு எடுக்க எடுக்கக் கழிந்துகொண்டே வரும். எங்கள் ஊரில் நாய்க்கடி அதிகமா, சுகர் அதிகமா என்பது எங்களுக்குத்தான் தெரியும், அதற்கு ஏற்றபடி நாங்கள் கேட்டு வாங்கலாம். வாங்கும் அதிகாரம் ஒரே இடத்தில், தேவையைச் சொல்லும் உரிமை எங்களிடம். சாதாரண விஷயம்தான், ஆனால் இது இல்லாத இடத்தில் கிடங்கு நிறைய வேண்டாத மருந்து தேங்கிக் கிடக்கும், ஜன்னலில் 'இல்லை' என்ற பதில் மட்டும் கிடைக்கும்.

இதைப் பார்த்துக் கேரளமும் ராஜஸ்தானும் தங்கள் கழகங்களைத் தொடங்கின. ராஜஸ்தானில் 2011இல் இலவச மருந்துத் திட்டமே அதை வைத்துத்தான் வந்தது. பெயர்ப்பலகையை மட்டும் காப்பியடித்து, உள்ளே பழைய பழக்கத்தையே தொடர்கிற இடங்களும் உலகத்தில் நிறைய உண்டு. லான்ட் பிரிட்செட் போன்ற பொருளாதார அறிஞர்கள் இந்த 'போலச் செய்தல்' பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள்.

அப்புறம் ஆட்கள். 1939லேயே சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்துவிட்டது, இந்தியாவிலேயே அதுதான் முதல். சுதந்திரத்துக்குப் பிறகு பல மாநிலங்கள் மருத்துவத்தையும் பொதுச் சுகாதாரத்தையும் ஒரே துறையாக்கின. அப்படிச் சேர்த்தால் ஆபரேஷன் செய்கிறவருக்குத்தான் மரியாதை. கொசுப்புழுவைத் தேடுகிறவரை யார் மதிப்பார்? இங்கே தனி இயக்குநரகம், தனிப் பணி நிலை, அதிலேயே படிப்படியாக மேலே போகலாம். 2017 தேசிய சுகாதாரக் கொள்கை இப்படி ஒரு பணியமைப்பை எல்லா மாநிலங்களுக்கும் பரிந்துரைத்தது.

பேறுகால மரணம் நடந்தால் இந்த அமைப்பு எப்படி நடந்துகொள்ளும் என்று பார்த்திருக்கிறேன். யாரும் அதை விதி என்று விடுவதில்லை. நர்ஸம்மா எப்போது பதிவு செய்தார், ரத்தசோகை எவ்வளவு இருந்தது, 108 எத்தனை மணிக்கு வந்தது, பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப ஏன் தாமதம் என்று வரிசையாகக் கேள்வி வரும். கலெக்டர் வரை போகும். ரிவ்யூ மீட்டிங் முடிந்து வெளியே வருகிறவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது. சில சமயம் கீழே இருக்கிறவர் தலையில் மட்டும் பழி விழும், அதுவும் உண்மை. ஆனாலும் 2018-20 கணக்குப்படி உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இந்திய அளவில் 97 தாய்மார்கள் இறந்தபோது தமிழ்நாட்டில் 54.

இதே அமைப்பு சுகரிடம் திணறுகிறது. தடுப்பூசி போட்டால் ஒரு வேலை முடிந்தது, எண்ணலாம். சுகர் அப்படியல்ல. "சுகரு எறங்கிருச்சுய்யா, அதான் மாத்திரைய நிப்பாட்டிட்டேன்" என்று ஜன்னலில் ஒரு ஆத்தா சொல்வார். "மாத்திரை தின்னதுனாலதான் ஆத்தா எறங்குச்சு" என்று சொல்லிப் புரியவைக்கப் பத்து நிமிடம் வேண்டும், பின்னால் வரிசையில் அறுபது பேர். 2021இல் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோனது, நல்ல காரியம். ஆனால் எத்தனை வீட்டுக்குப் போனோம் என்பதை எண்ணுவது சுலபம், அந்த ஆத்தா சாப்பிட்டாரா என்பதை எண்ணுவது கஷ்டம். ஒரு வேலையில் கெட்டிக்கார அரசு இன்னொன்றில் கத்துக்குட்டியாக இருக்கலாம். 'திறமையான அரசு' என்று மொத்தமாகச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்குக் காரணம் இதுதான்.

உங்கள் ஊர் நிலையம் எப்படி என்று தெரிய வேண்டுமானால் ஒரு புதன்கிழமை தடுப்பூசி போடும்போது போங்கள். தடுப்பூசி வைக்கிற ஃப்ரிட்ஜ் மேல் ஒரு தாள் இருக்கும். காலையும் மாலையும், ஞாயிறு உட்பட, வெப்பநிலையைப் பார்த்து எழுத வேண்டும், 2லிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கரண்ட் போன நாளில் 7, மற்ற நாளில் 4, 5 என்று ஏறி இறங்கி, கையெழுத்தும் மாறியிருந்தால் அங்கே வேலை நடக்கிறது. மாதம் முழுக்க ஒரே பேனா, ஒரே 4 டிகிரி என்றால் கடைசி நாளில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதியது.