ஸ்டார்ட்அப்பையும் ஃப்ரீலான்ஸ் இன்ஜினியரையும் சேர்த்து வைக்கும் தொழில்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

கோவை கணபதியில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் உட்கார்ந்து ஆறு வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன். முதலில் ஆரம்பித்த தளம் 14 மாதத்தில் மூடியது. இரண்டாவது ஓடுகிறது. வாடகை, இரண்டு பேர் சம்பளம், என் வீட்டுச் செலவு எல்லாம் அதிலிருந்துதான் போகிறது. நான் வெளி முதலீடு வாங்கியதில்லை, அதனால் முதலீட்டாளர் கேள்விகளை என்னிடம் கேட்க வேண்டாம். மற்றதெல்லாம் கேளுங்கள்.

சரவணம்பட்டி 404: அக்கா, இந்த மாதிரித் தளத்துக்கு ஆண்ட்ராய்டு, ஐஃபோன் இரண்டுக்கும் ஆப் செய்ய எவ்வளவு ஆகும்?

ஆப் வேண்டாம் தம்பி. முதல் இருபது வேலைக்கு ஒரு வாட்ஸ்அப் எண், ஒரு கூகுள் ஷீட், ஒரு கோடு போட்ட நோட்டு போதும். என் நோட்டில் இடது பக்கம் கம்பெனி கேட்டது, வலது பக்கம் போன இன்ஜினியர். முதலில் ரியாக்ட் தெரியுமா, நோட் ஜேஎஸ் தெரியுமா (இரண்டும் புரோகிராம் எழுதும் கருவிகள்), எத்தனை வருட அனுபவம் என்று பத்து கட்டம் போட்டு வைத்தேன். நாலு மாதம் கழித்துப் பார்த்தால் அதில் ஒன்றுகூட யாரைத் திரும்பக் கூப்பிட்டார்கள் என்பதைச் சொல்லவில்லை. கடைசியில் பென்சிலால் ஓரத்தில் எழுதி வைத்திருந்த ஒரு குறிப்புதான் சொன்னது: "தாமதமாகும் என்று தேதிக்கு முன்பே அவராகப் போன் செய்தாரா?" ஆமாம் என்று இருந்தவர்களில் பாதிப் பேர் இன்றும் என்னிடம் இருக்கிறார்கள். முதலிலேயே ஆப் செய்திருந்தால் அந்தப் பத்து கட்டத்தையும் அழகாகக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

சங்ககிரி புக்கிங் ஆபீஸ்: அம்மணி, எங்களுக்கு மூன்று தலைமுறையாக லாரி புக்கிங் தொழிலுங்க. பையன் இப்போது நீங்கள் சொல்கிற தொழிலை ஆரம்பிக்கிறேன் என்கிறான். லோடுக்காரரும் லாரிக்காரரும் ஒருமுறை நம்பர் மாற்றிக்கொண்டால் அடுத்த லோடுக்கு நம்மை மறந்துவிடுவார்கள். இதில் அந்தத் தொல்லை இல்லையா?

ஐயா, இந்தத் தொழிலில் இருக்கும் தொல்லையே அது ஒன்றுதான், மற்றதெல்லாம் சில்லறை. முதல் தளம் நடந்தபோது ஒருநாள் சாயங்காலம் டீ குடிக்கக் கீழே இறங்கினேன். இரண்டு மாதம் முன்பு நான் சேர்த்து வைத்த கம்பெனிக்காரரும் இன்ஜினியரும் ஒரே மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். என்னிடம் "வேலை முடிந்துவிட்டது, இனி தேவையில்லை" என்று கணக்கு முடித்தவர்கள். என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் தேங்காய் பன்னை ரொம்பக் கவனமாகப் பிய்க்க ஆரம்பித்துவிட்டார்கள். நானும் டீயைக் குடித்துவிட்டு மேலே வந்துவிட்டேன், என்ன கேட்பது?

ஃப்ரீலான்ஸ் வேலைக்கு ஆள் சேர்த்து வைக்கும் ஈலான்ஸும் ஓடெஸ்க்கும் சேர்ந்து 2015இல் அப்வொர்க் ஆனதே, அவ்வளவு பெரிய தளத்துக்கும் இதே பாடுதான். அங்கே அறிமுகமானவர்கள் இரண்டு வருடம் தளத்துக்கு வெளியே பணம் கொடுக்கவோ வாங்கவோ கூடாது, வேண்டுமானால் ஒரு தொகை கட்டிவிட்டுப் போகலாம் என்று விதியே வைத்திருக்கிறார்கள். உங்கள் பையனும் அதைப் பார்த்து ஒப்பந்தத்தில் எழுதுவார், எழுதட்டும். ஆனால் 15,000 ரூபாய் கமிஷனுக்காக எந்தக் கோர்ட்டில் போய் நிற்பார்?

உங்கள் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். நம்பர் தெரிந்த லோடுக்காரரும் திரும்ப உங்கள் ஆபீஸ் படி ஏறுகிறாரே, ஏன்? ராத்திரி இரண்டு மணிக்கு வண்டி நின்றுபோனால் வேறு வண்டி அனுப்ப ஆள் வேண்டும், இறக்கிய ரசீது வந்தபின் பாக்கி வாடகையை வாங்கிக் கொடுக்க ஆள் வேண்டும், அதற்குத்தானே? ஆளைக் காட்டியதற்குக் கூலி ஒருமுறைதான். இன்ஜினியர் நடுவில் கழன்றுகொண்டால் ஐந்து நாளில் மாற்று ஆள், பாக்கியை விரட்டி வசூலிப்பது, பில், ஒப்பந்தம், வரிக் காகிதம், இதற்குத்தான் மாதாமாதம் கமிஷன் தருவார்கள். அதையும் போகப் போகக் குறையுங்கள். நான் முதல் மூன்று மாதம் 12 சதவீதம், அப்புறம் 6 என்று வைத்திருக்கிறேன். அப்வொர்க் 2016இல் இப்படித்தான் 20, 10, 5 என்று படிப்படியாக வைத்தது, 2023இல் அதை விட்டுவிட்டு எல்லாருக்கும் 10 என்று ஆக்கியது. அவர்களுக்குக் கூட்டம் இருக்கிறது, செய்யலாம். நமக்கு இருப்பது நூறு பேர்.

பெருந்துறை பார்ட்னர்ஸ்: கம்பெனியிடம் முழுத் தொகையையும் முன்பே எங்கள் கரண்ட் அக்கவுண்டில் வாங்கி வைத்து, வேலை முடிந்ததும் கமிஷன் போக இன்ஜினியருக்கு அனுப்பலாம் என்று திட்டம். சரிதானே?

சரியில்லை. இதை மட்டும் பெரிய எழுத்தில் எழுதி ஆபீஸ் சுவரில் ஒட்டி வையுங்கள்: அடுத்தவர் காசை உங்கள் கணக்கில் வைக்காதீர்கள்.

நான் வைத்தேன். ஒரு கம்பெனி அனுப்பிய தொகையில், அவர்களுக்கு யாரோ அனுப்பிய காசு ஏதோ ஒரு சைபர் புகாரில் சிக்கியிருந்தது. கம்பிவழியே ஷாக் ஏறுவது மாதிரி அது என் கணக்கு வரைக்கும் வந்து, வங்கி மொத்தக் கணக்கையும் நிறுத்தி வைத்துவிட்டது. 23 நாள். அந்தக் கணக்கில் ஏழு இன்ஜினியர்களின் காசு இருந்தது, சம்பந்தமே இல்லாத ஏழு பேர். ஒருவர் குழந்தைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வைத்திருந்த காசு. அவர் திட்டக்கூட இல்லை, தினமும் காலையில் "குட் மார்னிங் அக்கா" என்று மட்டும் அனுப்புவார். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

சட்டப்படியும் தப்பு. அடுத்தவருக்குச் சேர வேண்டிய பணத்தை வாங்கிப் பிரித்துக் கொடுக்கிற வேலைக்கு ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சில் விதி கொண்டுவந்தது. அதற்கான அனுமதி வாங்க, விண்ணப்பிக்கும்போதே 15 கோடி நிகர மதிப்பு காட்ட வேண்டும், பிறகு அது 25 கோடி ஆக வேண்டும். உங்களிடம் இருக்கிறதா? என்னிடம் இல்லை. அதனால் அனுமதி உள்ள பேமென்ட் கம்பெனியின் பிரித்து அனுப்பும் வசதியைப் பயன்படுத்துங்கள். ரேசர்பேயில் ரூட், கேஷ்ஃப்ரீயில் ஈஸி ஸ்ப்ளிட் என்று இருக்கிறது, கமிஷன் மட்டும் உங்களிடம் வரும். இல்லையா, என்னை மாதிரிச் செய்யுங்கள்: இன்ஜினியர் நேராகக் கம்பெனிக்குப் பில் போடுவார், நான் கம்பெனிக்குக் கமிஷன் பில் மட்டும் போடுவேன்.

உடுமலை தென்னந்தோப்பு: வருடம் 20 லட்சம் தாண்டாதவரை ஜிஎஸ்டி வேண்டாம்தானே?

இன்ஜினியருக்கு வேண்டாம். சேவை விற்கிற சின்ன ஆட்களுக்குத் தளம் வழியாக விற்றாலும் அந்த வரம்பு உண்டு என்று 2017 நவம்பரிலேயே சொல்லிவிட்டார்கள். ஆனால் தளம் நடத்தி, பணத்தையும் நீங்களே வாங்கினால், முதல் ரூபாயிலிருந்தே உங்களுக்குப் பதிவு கட்டாயம். பதிவு உள்ளவர்களின் தொகையில் அரை சதவீதம் பிடித்துக் கட்டவும் வேண்டும். வருமான வரியில் தளக்காரர் பிடிக்க வேண்டிய டிடிஎஸ் 2024 அக்டோபரிலிருந்து 0.1 சதவீதம். பான் கொடுத்த தனி ஆளுக்கு வருடம் 5 லட்சம் வரை பிடிக்க வேண்டாம். இதில் ஒரு கொக்கி: காசு உங்களைத் தொடாமல் நேராகப் போனாலும் வருமான வரிச் சட்டம் நீங்கள் கொடுத்ததாகவே எடுத்துக்கொள்ளும். பிரிவு எண்கள் புதிய சட்டத்தில் மாறுவதால் எண்ணைச் சொல்லவில்லை, ஆடிட்டரோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள், அந்த ஃபீஸ் வீண் போகாது.

கரூர் ஜமக்காளம்: அக்கா, ஆப் செய்ய என்ன பட்ஜெட் வைக்கலாம்?

முதல் பதில்.

கோபி வாய்க்கால்: ஃபைனல் இயர் படிக்கிறேன். உங்கள் தளத்தில் சேரலாமா?

இப்போது வேண்டாம் கண்ணு. ஸ்டார்ட்அப்காரருக்குச் சொல்லிக் கொடுக்க நேரம் இருக்காது, நீ தனியாக மாட்டிக்கொள்வாய். இரண்டு வருடம் ஏதாவது ஒரு டீமில் அடுத்தவர் எழுதிய புரோகிராம் கோடைத் திருத்தப் பழகிவிட்டு வா.

பீளமேடு ஃபவுண்டர்: ஃப்ரீலான்ஸர் எழுதிய கோடுக்குக் காசு கொடுத்தாகிவிட்டது. அப்புறம் அது எங்களுடையதுதானே?

இல்லை. சம்பளத்துக்கு இருப்பவர் வேலைக்காக எழுதியது கம்பெனிக்குச் சேரும். வெளி ஆள் எழுதியது, எழுத்தில் மாற்றிக் கொடுக்கும்வரை அவருடையதுதான். 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது, மென்பொருளும் அதில் இலக்கியப் படைப்பாகத்தான் கணக்கு (சிரிக்காதீர்கள்). மாற்றிக் கொடுக்கும் பத்திரத்தில் எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம்தான், எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும்தான். அமெரிக்காவில் விற்கப் போகிறேன் என்பவர்கள் இந்த இரண்டு வரியை விட்டுவிட்டு என்னிடம் வருகிறார்கள். கடைசித் தவணையோடு சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள், ஆறு மாதம் கழித்துத் தேடினால் ஆள் கனடாவில் இருப்பார்.

திருப்பூர் இரண்டாம் தலைமுறை: எங்களுக்குப் பனியன் கம்பெனி. உள்ளேயே ஒரு சின்ன சாஃப்ட்வேர் ஸ்டார்ட்அப் ஆரம்பித்திருக்கிறோம். நாலு இன்ஜினியர்களிடம் ஆளுக்கு மூன்று நாள் சாம்பிள் வேலை கேட்டால் காசு கேட்கிறார்கள். நாங்கள் பையருக்கு (சரக்கு வாங்குகிறவருக்கு) ஃபிட் சாம்பிள், சைஸ் செட், பி.பி. சாம்பிள் (உற்பத்திக்கு முந்தையது) என்று எத்தனை அனுப்புகிறோம், அதற்கெல்லாம் தனியாகக் காசு கேட்கிறோமா? இவர்கள் மட்டும் ஏன்?

நல்ல கேள்வி, ஆனால் ஒப்பீடு தப்பு. பத்தாயிரம் பீஸ் ஆர்டர் வந்தால் சாம்பிள் செலவை விலையில் ஏற்றிவிடுவீர்கள். தனி ஆளுக்கு ஏற்ற இடம் எங்கே? மூன்று நாள் என்பது அவருடைய மாதத்தில் பத்தில் ஒரு பங்கு. அதைவிட முக்கியம், ஒரு டீ-ஷர்ட் சாம்பிளை வைத்து பையர் கடையை நிரப்ப முடியாது. கோடில் சாம்பிளும் சரக்கும் ஒன்றேதான். மூன்று நாளில் எழுதிய லாகின் பக்கத்தை அப்படியே ஓட விடலாம்.

திருப்பூர் இரண்டாம் தலைமுறை: எங்கள் சாம்பிளையும்தான் பையர் பக்கத்து கம்பெனியில் காட்டி, இதே மாதிரி பத்து ரூபாய் குறைத்துக் கொடு என்கிறார். திருடு போவது எங்களுக்கும் உண்டு.

அது சரி. அந்த இடத்தில் நான் சொன்னது முழுசாக நிற்காது, ஒத்துக்கொள்கிறேன்.

அவிநாசி பேக்எண்ட்: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். போன வருடம் மூன்று இடத்தில் இலவச டெஸ்ட் செய்தேன். ஒரு இடத்தில் என் கோடு அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது, நான் போட்ட எழுத்துப்பிழை உட்பட.

திருப்பூர் இரண்டாம் தலைமுறை: காசு வாங்கிக்கொண்டு மூன்று நாள் கழித்து ஏஐயில் எடுத்த கோடைக் கொடுத்தவரும் எனக்குக் கிடைத்தார். அதற்கு யார் பொறுப்பு?

சங்ககிரி புக்கிங் ஆபீஸ்: நாங்கள் புது டிரைவரைச் சும்மா ஓட்டிக் காட்டச் சொல்வோம், ஆனால் காலி வண்டியில். லோடு ஏற்றிவிட்டால் படிக்காசு கொடுத்துவிட வேண்டும்.

ஐயா, இத்தனை நேரம் நான் இழுத்ததை நீங்கள் இரண்டு வரியில் முடித்துவிட்டீர்கள். காலி வண்டி இலவசம், லோடு வண்டிக்குக் காசு. நான் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். முதலில் ஒரு மணி நேரம், எதற்கும் பயன்படாத ஒரு பழைய கோடைத் திரையில் போட்டு "இதில் எங்கே தப்பு, எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?" என்று பேச விடுவேன். அதற்குக் காசு கிடையாது. ஏஐயிடம் எழுதி வாங்கியவர் அங்கேயே தெரிந்துவிடுவார், ஏனென்றால் எழுதுவதை அது செய்யும், நடுவில் நிறுத்தி "ஏன் இந்த வரி?" என்று கேட்டால் பதில் இவர்தான் சொல்ல வேண்டும். கம்பெனியின் சொந்த வேலையில் கை வைத்தால் அந்த நிமிடத்திலிருந்து காசு. இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம்.

சேலம் மாம்பழம்: இந்த மாதிரித் தளத்துக்கு நல்ல ஆப் டெவலப்பர் யாராவது...

முதல் பதில். முதல் பதில். உங்களுக்கு முன்னால் இரண்டு பேர் கேட்டாகிவிட்டது.

பொள்ளாச்சி சந்தை: பெங்களூரைவிடக் குறைந்த கூலிக்குக் கோவை ஆள் என்று விளம்பரம் செய்யலாமா?

செய்யாதீர்கள். மலிவு என்று வந்தவர், அடுத்து இன்னும் மலிவான ஊரைத் தேடிப் போவார்.

நாமக்கல் பண்ணை: எங்களுக்குத் தெரிந்த ஆடிட்டர், பணத்தை நம் கணக்கில் வாங்கி ஃபிக்ஸட் டெபாசிட்டில் போட்டால் வட்டியும் கிடைக்கும் என்கிறார்.

ஆடிட்டரை மாற்றுங்கள்.

திருப்பூர் இரண்டாம் தலைமுறை: சரிங்க அக்கா. மூன்று பேரை எடுத்து ஆளுக்கு இரண்டு நாள் காசு கொடுத்தே பார்க்கிறேன். பில் யார் பெயரில் வாங்குவது?

அவரவர் தன் பெயரில் உங்கள் கம்பெனிக்குப் போடட்டும், பான் எண்ணோடு. உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இருந்தால் அந்த எண்ணும் பில்லில் இருக்கட்டும். அப்படி இருந்தால் எழுத்தில் ஒப்பந்தம் இல்லாதபோது 15 நாள், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் காசு போய்விட வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி, அதோடு மார்ச் முடிந்தும் பாக்கி நின்றால் அந்த வருடக் கணக்கில் அதைச் செலவாகக் காட்டவும் முடியாது. ஷிப்மென்ட் போகட்டும், பையர் காசு வரட்டும் என்று உங்கள் ஊர் வழக்கப்படி இழுக்க வேண்டாம். தேர்வாகாத இரண்டு பேருக்கு முதலில் போட்டு விடுங்கள். தேர்வானவர் எப்படியும் திங்கட்கிழமை வந்து எதிரில் உட்காரப் போகிறார், கேட்டு வாங்கிக்கொள்வார்.