வெயிலும் வேட்டியும்: வாசகர் கேள்விகள்

(பதில் சொல்பவர் கடலூரில் 31 ஆண்டுகள் வானிலை கவனிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர்.)

சேலத்தில் இருக்கும் என் அண்ணன் 39 டிகிரி வெயிலிலும் சட்டை நனையாமல் வேலைக்குப் போய் வருகிறார். இங்கே 34தான் காட்டுகிறது, பத்து மணிக்கே என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. என் உடம்பில் ஏதாவது கோளாறா?
*வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி*

உடம்பை விடுங்கள் தம்பி. டிவியில் சொல்கிற அந்த ஒற்றை எண்ணை நம்பியதுதான் தப்பு.

நான் வேலை பார்த்த இடத்தில் வெள்ளை பெயின்ட் அடித்த ஒரு மரப்பெட்டி, கால்கள் மேல் நிற்கும். சுற்றிலும் சாய்வுப் பலகைகள். காற்று உள்ளே போகும், வெயில் போகாது. உள்ளே இரண்டு தெர்மாமீட்டர்கள். ஒன்று வெறும் உடம்போடு இருக்கும். இன்னொன்றின் குமிழில் மஸ்லின் துணி சுற்றி, திரியின் மறுமுனையைத் தண்ணீர்ப் புட்டியில் விட்டிருப்போம். புதிதாக வேலைக்கு வரும் பையன்களிடம், ‘இவர் குளிச்சிட்டு ஈரத்துண்டோட நிக்கிற ஆளு’ என்று அறிமுகப்படுத்துவேன். காலை 8.30, மாலை 5.30 என்று நேரம் தவறாமல் இருவரையும் பார்த்துக் குறிக்க வேண்டும்.

டிவி சொல்வது வெறும் உடம்புக்காரரின் கணக்கு. நாம் எல்லோரும் ஈரத்துண்டுக்காரர்கள். வியர்வை வழிவதால் உடம்பு குளிர்வதில்லை, அது காய வேண்டும். சேலத்தில் காய்ந்த ஒரு மதியம் வெறும் ஆள் 39 காட்டினால், ஈரத்துண்டு ஆள் 25 காட்டுவார். இங்கே கடல்காற்று வீசும்போது 34க்கு 29. அங்கே இடைவெளி 14, இங்கே ஐந்து. அந்த இடைவெளி எவ்வளவோ, அவ்வளவுதான் காற்றுக்கு உங்கள் வியர்வையைக் குடிக்கிற தாகம். நம் ஊர்க் காற்று கடலில் வயிறு முட்டக் குடித்துவிட்டு வருகிறது.

உங்கள் அண்ணனுக்கும் வியர்க்கிறது. கண்ணில் படுவதற்குள் காய்ந்துவிடுகிறது, அவ்வளவுதான். சாயங்காலம் அவர் காலரில் வெள்ளையாக உப்புக்கோடு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். வியர்ப்பது தெரியாததால் தண்ணீர் குடிக்கவும் தோன்றாது. அதையும் சொல்லி வையுங்கள்.

சரி, எதைப் போடுவது? ஜூன் மாதம் மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, பலமாக இருக்கும் நாள்களில் நம் ஊரே சேலமாகிவிடும். தேவனாம்பட்டினத்து மீனவர்கள் அதைக் கச்சான் என்பார்கள். கடல்காற்றை அது உள்ளே விடாமல் மதியம் தாண்டியும் தடுத்து நிறுத்தும். பாதரசம் 40ஐத் தொடுவதும் அப்படிப்பட்ட நாளில்தான். வெயிலில் நம் தோல் சுமார் 35 டிகிரியில் இருக்கும். காற்று அதைவிடச் சூடாக இருந்தால் மேலே படும் காற்றே சூடேற்றும். அன்றைக்கு முழுக்கை போட்டு, தலையில் துண்டு கட்டி மூடிக்கொண்டு போவதுதான் புத்தி. இரண்டு மணிக்கோ மூன்று மணிக்கோ கடல்காற்று இறங்கியதும் வெப்பம் சட்டென்று மூன்று நான்கு டிகிரி குறையும், கசகசப்பு கூடும். அப்போது உடுப்பைக் குறைக்க வேண்டும். அரைக்கை, தொளதொளவென்று, மேல் பட்டன் திறந்து. காய்ந்த காற்றுக்கு மூடு, ஈரக்காற்றுக்குத் திற. நான் சட்டை மாற்றுவது காற்றின் திசை பார்த்துத்தான். என் மனைவிக்கு இது 31 ஆண்டு வேடிக்கை.

வெயிலுக்குப் பருத்திதான் நல்லது என்கிறார்கள். ஆனால் என் பருத்திச் சட்டை நனைந்தால் சாயங்காலம் வரை காய்வதில்லையே?
*வாசகர், செம்மண்டலம், கடலூர்*

உங்கள் புகார் நியாயம்தான். பருத்தி நூல் சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் எட்டு சதவீதம் அளவுக்கு ஈரத்தை வைத்திருக்கும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வைக்காது. பருத்தி வியர்வையை உறிஞ்சும், ஆனால் சுலபத்தில் விடாது. அதனால் பருத்தி என்றால் போதாது, மெல்லிய பருத்தியாக இருக்க வேண்டும். கெட்டி காட்டன் பேன்ட்டைவிட மல் வேட்டி மேல்.

இன்னொன்று. அந்த மஸ்லின் திரியை வாரத்துக்கு ஒருமுறையாவது மாற்றிவிடுவோம். கடலோரத்தில் உப்பு ஏறி விறைத்துப்போனால் தண்ணீர் சரியாக ஏறாது, அளவும் தப்பாகும். சட்டைக்கும் அதே கதிதான். வியர்வை உப்பு ஏறிய துணி, காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் போட்டதை ஆணியில் மாட்டி மறுநாள் போடாதீர்கள். சோப்பு கூட வேண்டாம், வெறும் தண்ணீரில் அலசினால் போதும்.

எங்கள் அலுவலகத்தில் ஏசி எப்போதும் 20. ஆண்கள் சுகமாக இருக்கிறார்கள், எனக்கு விரல் விறைக்கிறது. சொன்னால் ‘உங்களுக்கு ரத்தம் கம்மி’ என்று சிரிக்கிறார்கள். என் பக்கம் நியாயம் இருக்கிறதா?
*வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி*

நிறையவே இருக்கிறது அம்மா. உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் பழைய 100 வாட் குண்டு பல்பு அளவுக்குச் சூட்டை வெளியே விடுகிறார் என்பது கணக்கு. ‘மனிதர்’ என்று இந்தக் கணக்கில் எடுத்துக்கொண்டது யாரை? 40 வயது, 70 கிலோ எடையுள்ள ஆணை. நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் இருவர் 2015இல் இதை எடுத்துச் சொன்னார்கள். அலுவலக வேலை செய்யும் பெண்களை அளந்து பார்த்தபோது, அவர்கள் விடும் சூடு அந்தக் கணக்கைவிடக் குறைவாக இருந்தது. உங்கள் பல்பின் வாட் வேறு, அவ்வளவுதான்.

நம் நாட்டுக் கணக்கும் உண்டு. ரூர்க்கியில் இருக்கும் மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையத்தின் சர்மாவும் அலியும் 1986இல் நம் மக்களை வைத்தே ஓர் அளவுகோல் தந்தார்கள். வெப்பம், ஈரம், காற்றின் வேகம் மூன்றையும் சேர்த்த அந்த அளவில் 25 முதல் 30 வரை சுகம், நடுநாயகமாக 27.5. அதோடு 2020 ஜனவரி 1 முதல், நட்சத்திரக் குறியோடு வரும் அறை ஏசிகள் ஆன் செய்ததும் 24இல் நிற்க வேண்டும் என்று அரசே விதி வைத்திருக்கிறது. 20 என்பது யாரோ எழுந்து போய்க் குறைத்தது. 25இல் வைத்து மின்விசிறியைச் சுழலவிடச் சொல்லுங்கள், அந்த ஆண்களும் வாடிவிட மாட்டார்கள்.

அவர்கள் ஏசியை மாற்றும் வரை சமாளிக்கக் கனத்த ஸ்வெட்டர் வேண்டாம், வெளியே வந்தால் சுமை. புடவை என்றால் முந்தானையை இரண்டு தோளும் மூடிப் போர்த்துங்கள், சுடிதார் என்றால் பருத்திச் சால்வை. காலுக்கு சாக்ஸ். புடவை மாதிரி, நினைத்த நேரத்தில் கூட்டிக் குறைக்கக்கூடிய உடுப்பு வேறு இல்லை என்பது என் கட்சி. கொசுவம் இருக்கும் இடத்தில் ஆறேழு மடிப்பு, இடுப்பில் ஒன்றுமில்லை.

ஆனால் ஏசி இல்லாத வீட்டிலும் எல்லோருக்கும் முன்னால் உங்களுக்கே குளிர்கிறது என்றால், ரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். சிரித்தவர்களுக்காக அல்ல, உங்களுக்காக.

மார்கழியில் 22 டிகிரிக்கே அப்பா குரங்குக் குல்லா போட்டுக்கொள்கிறார். ஊட்டியிலிருந்து வந்த மருமகன் கேலி செய்கிறார். தலையில் பனி இறங்கும் என்பது உண்மையா?
*வாசகி, நெல்லிக்குப்பம்*

பனி மேலிருந்து இறங்குவதில்லை. குளிர்ந்த பொருள்மேல் காற்றிலிருக்கும் ஈரம் படிகிறது, அவ்வளவே. ஆனால் மேகமில்லாத இரவில் மொட்டைமாடியும் ஓட்டுக் கூரையும் வானத்தைப் பார்த்துச் சூட்டை இழக்கும், வழுக்கைத் தலையும் இழக்கும். காரணம் தப்பு, குல்லா சரி. ஆண்டு முழுக்க 30ஐச் சுற்றியே வாழ்ந்த உடம்புக்கு 22 குளிர்தான். வயதானவர்களுக்கு இன்னும் கூடுதல். மருமகனை மே மாதம், கத்திரி வெயிலில் அழையுங்கள். இரண்டு வாரம் கழித்துத்தான் அவர் உடம்பு பழகும். அதற்குள் அப்பாவுக்கும் சிரிக்க வாய்ப்பு வரும்.

கறுப்புக் குடையா, வெள்ளைக் குடையா?
*வாசகர், கடலூர் முதுநகர்*

கறுப்புக்குத்தான் நிழல் கெட்டி. தலையில் ஒட்டாமல் ஒரு சாண் உயர்த்திப் பிடியுங்கள். நான் போன வாரம் பேருந்தில் விட்டுவிட்டு வந்ததும் கறுப்புதான்.