இருட்டறைக்கு வெளியே: வாசகர் கேள்வி பதில்

போன இதழில், எக்ஸ்ரே, ஸ்கேன் பிரிவுகளில் வேலை பார்ப்பவர்கள் சங்கத்தில் சேர்ந்தால் மட்டும் போதாது, ஏதாவது ஒரு பொறுப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று நாலு வரி எழுதியிருந்தேன். வந்து குவிந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். அதனால் இந்தப் பக்கம் முழுக்க சங்க விஷயமே. 32 வருடம் எக்ஸ்ரே அறையில் நின்றவன், அதில் 19 வருடம் சங்கத்தில் ஏதோ ஒரு பொறுப்பில் இருந்தவன் என்ற முறையில் மனதில் பட்டதைச் சொல்கிறேன்.

கேள்வி: தனியார் மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் பிரிவில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். எங்கள் மாவட்டச் சங்கத்தில் என்னை இணைச் செயலாளராக இருக்கச் சொல்கிறார்கள். மாதத்தில் பத்து நாள் நைட் டியூட்டி, வீட்டில் நாலு வயதுக் குழந்தை. "சம்பளமா தரப்போறாங்க?" என்று கணவர் கேட்கிறார். ஆசையும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. என்ன செய்யட்டும் அண்ணா?
(வாசகி, திண்டுக்கல்)

சம்பளம் தரமாட்டார்கள் அம்மா. பஸ் செலவுகூடப் பல சங்கங்களில் கைக்காசுதான். உங்கள் கணவர் கேட்டது நியாயமான கேள்வி, அதற்கு வீட்டில் உட்கார்ந்து நேராகப் பதில் சொல்லிவிட்டுத்தான் பொறுப்பை ஏற்க வேண்டும். வீட்டுக்குத் தெரியாமல் நேரத்தைத் திருடிச் சங்க வேலை செய்தவர்கள் யாரும் இரண்டு வருடம் தாண்டியதை நான் பார்த்ததில்லை.

சரி என்று சொல்வதற்கு முன்னால் சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மினிட்ஸ் புத்தகம் யாரிடம் இருக்கிறது? வரவு செலவுக் கணக்கைக் கடைசியாக எந்தப் பொதுக்குழுவில் வைத்தார்கள்? உங்களுக்கு முன் அந்தப் பதவியில் இருந்தவர் ஏன் விலகினார்? கேட்கக் கூச்சப்படாதீர்கள். நான் 34 வயதில் எதையும் கேட்காமல் பொருளாளர் பொறுப்பை ஏற்றேன். கையில் வந்தது ஒரு மஞ்சப்பை. அதற்குள் பாதி கிழித்த ரசீது புத்தகங்கள், நாலு வருடமாக வரவு வைக்காத பாஸ்புக், யார் யாரோ கையெழுத்துப் போட்ட துண்டுச்சீட்டுகள். அதைச் சரிசெய்யவே எட்டு மாத ஞாயிற்றுக்கிழமைகள் போயின. அந்த எட்டு மாதத்தில் ஓர் உறுப்பினருக்குக்கூட என்னால் ஓர் உதவியும் செய்ய முடியவில்லை, அதுதான் இன்றும் எனக்கு வருத்தம்.

அடுத்தது, இணைச் செயலாளர் என்றால் எல்லா வேலையும் உங்கள் தலையில்தான் என்று ஆக்கிவிடுவார்கள், குறிப்பாகப் பெண் என்றால் வருகைப் பதிவேடு எழுதுவதும் விருந்தினருக்குப் பூங்கொத்து கொடுப்பதும் உங்கள் வேலை என்று தானாக முடிவாகிவிடும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். "இந்த ஒரு வருடம் நான் இந்த ஒரு வேலையைப் பார்க்கிறேன்" என்று முதல் கூட்டத்திலேயே சொல்லி, மினிட்ஸில் எழுத வையுங்கள். என்ன வேலை என்று கேட்டால், நான் டி.எல்.டி. பேட்ஜைத்தான் சொல்வேன்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். கதிர்வீச்சு அறையில் வேலை செய்பவர் உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு ஏறியிருக்கிறது என்று அளக்கும் சின்ன அட்டை அது. லெட் ஏப்ரனுக்கு (கதிரைத் தடுக்கும் ஈய அங்கி) உள்ளே நெஞ்சில் குத்திக்கொள்ள வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகத்துக்கு அனுப்பி மாற்ற வேண்டும். நம் நாட்டில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் வரம்பு, ஐந்து வருடச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பில் ஏறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் சின்ன ஸ்கேன் சென்டர்களில் நான் பார்த்தது வேறு. பேட்ஜ் மேனேஜர் மேசை டிராயரில் கிடக்கும், வேலையை விட்டுப் போனவர் பேரில் வந்த பேட்ஜைப் புதுப் பையன் போட்டுக்கொண்டிருப்பான், எவ்வளவு ஏறியது என்று சொல்லும் டோஸ் அறிக்கை வந்தால் அதைக் கண்ணில்கூடக் காட்ட மாட்டார்கள். கேட்கும் ஊழியருக்கு "இவன் பிரச்சனை பண்றவன்" என்ற பேர் வந்துவிடும்.

சங்கம் நுழைய வேண்டிய இடம் இதுதான். உங்கள் மாவட்ட உறுப்பினர் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு நாலு பேருக்கு ஃபோன் போட்டு, "கடைசியாக உங்கள் டோஸ் அறிக்கையை எப்போது பார்த்தீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். பார்த்ததே இல்லை என்பவர்களின் நிறுவனங்களுக்கு, ஊழியர் பேரைக் குறிப்பிடாமல், சங்கத்தின் லெட்டர்பேடில் மரியாதையாக ஒரு பொதுக் கடிதம் அனுப்புங்கள். ஊழியருக்கு பேட்ஜ் வாங்கித் தருவதும் டோஸ் பதிவேட்டை வைத்திருப்பதும் நிறுவனத்தின் கடமை. தனி ஆள் கேட்டால் தள்ளிவிடும் நிர்வாகம், பதிவு எண்ணும் முத்திரையும் உள்ள கடிதம் வந்தால் ஒரு தடவையாவது ஃபைலைத் திறந்து பார்க்கும்.

இன்னொன்று, இதை ஒரு பெண் செய்வது நல்லது என்று நான் நினைப்பதற்குக் காரணம் உண்டு. கர்ப்பமான ரேடியோகிராபர் (எக்ஸ்ரே, ஸ்கேன் எடுப்பவர்) அதை நிர்வாகத்திடம் தெரிவித்த பிறகு, மீதிக் கர்ப்ப காலம் முழுவதும் வயிற்றுக் குழந்தைக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகக் கூடாது. அதற்கு ஏற்றபடி அவருடைய வேலையை மாற்றித் தர வேண்டும். ஆனால் சொன்னால் வேலை போய்விடுமோ என்று ஐந்தாம் மாதம் வரை மறைத்து, சி-ஆர்ம் (ஆபரேஷன் நடக்கும்போதே எக்ஸ்ரே காட்டும் மெஷின்) அறையில் நின்ற பெண்களை எனக்குத் தெரியும். அவர்கள் என்னிடம் சொல்லவில்லை, எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. உங்களிடம் முதல் மாதமே சொல்லியிருப்பார்கள்.

நேரக் கணக்கு: வாரத்தில் ஒரு நாள் ஒன்றரை மணி நேரம், இரண்டு மாதத்துக்கு ஒரு கமிட்டிக் கூட்டம். நைட் டியூட்டி முடிந்து தூங்கும் நேரத்தில் ஃபோனை அணைத்து வையுங்கள், அதையும் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். ஜூனியர் ஒருவரைக் கூடவே வைத்துக்கொண்டு, நீங்கள் ஃபோன் செய்த பட்டியல், வந்த பதில், அனுப்பிய கடிதம் எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதுங்கள். வருடம் முடிந்து நீங்கள் விலகினால் அந்த நோட்டு அவர் கைக்குப் போகட்டும். கணவரிடம் "ஒரு வருடம்" என்று சொல்லுங்கள், அதைக் காப்பாற்றுங்கள். தொடர வேண்டும் என்று தோன்றினால் அப்புறம் மறுபடி பேசிக்கொள்ளலாம்.

கேள்வி: சந்தா கட்டுகிறோம், சம்பள உயர்வுக்குச் சங்கம் ஒன்றும் செய்யவில்லையே. அப்புறம் எதற்குச் சங்கம்?
(வாசகர், ஈரோடு)

நம்முடையது தொழில்முறைச் சங்கம், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவானது. தொழிற்சங்கம் என்பது தனியாகப் பதிவு செய்யப்படுவது, சம்பளப் பேச்சுவார்த்தை அதன் வேலை. பிரிட்டனில் 1920-இல் தொடங்கிய ரேடியோகிராபர்கள் சங்கம் பின்னாளில் தொழிற்சங்கமாகவும் ஆனது, இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்கிறது. இங்கே அந்த அமைப்பு இல்லை என்பதால் உங்கள் கோபத்தில் நியாயம் உண்டு, ஆனால் நம் சங்கம் செய்யக்கூடியதை முதலில் கேட்டு வாங்குங்கள்.

ஓர் உதாரணம். டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் கவுன்சில், பதிவேடு எல்லாம் எத்தனையோ காலமாக இருக்கிறது. நமக்கு நாடு முழுவதற்குமான பதிவேட்டுக்குச் சட்டம் வந்ததே 2021-இல்தான், துணைநிலை மற்றும் சுகாதாரப் பராமரிப்புத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம். அதில் கதிரியக்க, படமெடுப்புத் தொழில்நுட்பப் பணியாளர்கள் ஒரு தனிப் பிரிவு. யார் பதிவு செய்யலாம், பழைய டிப்ளமோ படித்தவர்கள் கதி என்ன, சான்றிதழ் கோர்ஸ் மட்டும் முடித்து இருபது வருடம் வேலை பார்த்தவரை எங்கே வைப்பது என்ற கேள்விகளை எல்லாம் அதிகாரிகள் முன்னால் தனி ஆளாகப் போய்ப் பேச முடியாது. அங்கே பேச வேண்டியவர்கள் படித்து, குறிப்பு எடுத்து, ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு சென்னைக்கு ரயில் ஏற வேண்டும். உங்கள் சந்தாவில் அந்த ரயில் டிக்கெட்டாவது வரட்டும்.

கேள்வி: எங்கள் கிளைத் தலைவர் 14 வருடமாக அவரேதான். நல்ல மனிதர், நிறைய செய்திருக்கிறார். ஆனால் யாரையும் வளரவிடுவதில்லை. எதிர்த்து நின்றால் நன்றி கெட்டவன் என்பார்கள்.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

1975-ஆம் வருடச் சட்டப்படி கமிட்டி உறுப்பினரின் பதவிக் காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக் கூடாது. திரும்பத் தேர்ந்தெடுக்கத் தடையில்லை. ஆகவே 14 வருடம் என்பது தவறாகாது, ஆனால் ஒவ்வொரு மூன்று வருடமும் உண்மையிலேயே தேர்தல் நடந்ததா, அல்லது மேடையில் யாரோ முன்மொழிய எல்லோரும் கை தட்டியதோடு சரியா என்று பாருங்கள்.

அவரை இறக்கும் வேலையில் இறங்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. நம் ஊர்களில் ஆளுக்கு ஆள் மோதினால் சங்கம் இரண்டாக உடையும், இரண்டு லெட்டர்பேடு வரும், அதோடு நிர்வாகங்கள் இரண்டையும் மதிக்காது. ஒரே மாவட்டத்தில் இரண்டு சங்கம் ஆறு வருடம் முறைத்துக்கொண்டு நின்றதை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன், அந்த ஆறு வருடத்தில் உறுப்பினர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்புகூட நடக்கவில்லை.

அமெரிக்க ரேடியோலஜிக் டெக்னாலஜிஸ்டுகள் சங்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. 1920-இல் தொடங்கிய சங்கம் அது. அங்கே ஒருவர் நேரே தலைவராக வந்து உட்காருவதில்லை. அடுத்த தலைவர் என்ற பதவிக்கு முதலில் தேர்வாகி ஒரு வருடம் பக்கத்தில் இருந்து பழகுகிறார், பிறகு தலைவர், அதற்குப் பிறகு நிர்வாகக் குழுவின் அவைத்தலைவர். வருபவருக்குப் பழக நேரம் கிடைக்கிறது, போகிறவருக்கு மரியாதையான ஓர் இடம் கிடைக்கிறது. இதைத்தான் உங்கள் பொதுக்குழுவில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள், அதுவும் உங்கள் தலைவர் வாயாலேயே முன்மொழியும்படி முன்கூட்டியே அவர் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். "அண்ணே, உங்களுக்கு அடுத்து வர்றவனை நீங்களே ஒரு வருஷம் தயார் பண்ணிக் கொடுங்க" என்று கேட்டால் கோபப்படுகிறவர் குறைவு. 14 வருடம் வேலை செய்தவருக்குப் பெரும்பாலும் இருக்கும் பயம், தான் போன மறுநாளே யாரும் தன்னைக் கூப்பிட மாட்டார்கள் என்பதுதான். அந்தப் பயத்தைத் தீர்க்கப் பாருங்கள்.

கேள்வி: மாநாட்டுக்கு மெஷின் கம்பெனிகளிடமும் கான்ட்ராஸ்ட் (ஸ்கேன் படம் தெளிவாகத் தெரிய உடம்பில் செலுத்துவது) மருந்துக் கம்பெனிகளிடமும் பணம் வாங்கலாமா?
(வாசகர், நாகர்கோவில்)

வாங்கலாம். சங்கத்தின் வங்கிக் கணக்கில், ரசீது போட்டு, கையில் ரொக்கமாக ஒரு ரூபாய்கூட இல்லாமல். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று பொதுக்குழுவில் வாசியுங்கள். யார் பேச வேண்டும், எந்தத் தலைப்பு என்பதைச் சங்கம் முடிவு செய்ய வேண்டும், கம்பெனிக்கு வெளியே ஒரு ஸ்டால் போதும்.

கேள்வி: அரசு மருத்துவமனையில் ரேடியோகிராபராக இருக்கிறேன். சங்கப் பொறுப்பு ஏற்றால் வேலைக்குச் சிக்கல் வருமா?
(வாசகர், விழுப்புரம்)

பொறுப்பு ஏற்கும் முன் அரசுப் பணியாளர் நடத்தை விதிகளை ஒருமுறை படியுங்கள், துறைக்கு எழுத்தில் தெரிவியுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். பத்திரிகையில் பேட்டி கொடுக்கும் வேலையைத் தனியார் துறையில் இருக்கும் நிர்வாகி பார்த்துக்கொள்ளட்டும்.

கேள்வி: கிளையில் என்னை நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளராகப் போட்டிருக்கிறார்கள், வயது 24. நவம்பர் 8 உலக ரேடியோகிராபி தினத்துக்கு ஒவ்வொரு வருடமும் கேக் வெட்டி போட்டோ எடுப்பதோடு முடிகிறது. வேறு என்ன செய்யலாம் சார்?
(வாசகர், திருநெல்வேலி)

இந்தக் கடிதத்தைப் படித்ததும் மனசுக்கு நிறைவாக இருந்தது தம்பி.

1895 நவம்பர் 8 அன்று ஜெர்மன் விஞ்ஞானி ரோன்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டார், டிசம்பர் 22 அன்று மனைவி அன்னா பெர்த்தாவின் கையைப் படம் எடுத்தார். மோதிரத்தோடு எலும்பு தெரியும் அந்தப் படம் எல்லோருக்கும் தெரியும். அதற்கு அடுத்து நடந்ததை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. எடிசனிடம் எக்ஸ்ரே சோதனைகளில் உதவியாளராக இருந்த கிளாரன்ஸ் டாலி, கதிர் பட்டுப் பட்டுக் கைகள் புண்ணாகி, புற்றுநோயாகி, கைகளை வெட்டி எடுத்தும் பிழைக்காமல் 1904-இல் இறந்துபோனார். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகர மருத்துவமனை வளாகம் ஒன்றில் 1936-இல் ஒரு நினைவுக்கல் நாட்டினார்கள். கதிர்வீச்சுப் பணியில் உயிர் இழந்த 169 பேரின் பெயர்கள் அதில் இருந்தன, பிறகும் பெயர்கள் சேர்ந்துகொண்டே போயின. மருத்துவர்கள் மட்டும் இல்லை, நம்மைப் போன்ற டெக்னீஷியன்களும் நர்ஸ்களும் அதில் உண்டு. நாம் இன்று கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நின்று பட்டன் அழுத்துவது அவர்கள் கைகளை இழந்து சொல்லிக்கொடுத்த பாடத்தால்தான்.

ஆகவே இந்த வருடம் பத்து நிமிடம் அந்தக் கதையைச் சொல்ல வையுங்கள், வெளியூர்ப் பேச்சாளர் வேண்டாம், உங்கள் கிளையில் இருக்கும் ஒரு முதல் வருட மாணவி சொல்லட்டும். மாணவர்களுக்குச் சென்னை பர்னார்ட் கதிரியக்க நிறுவனத்தைப் பற்றியும் சொல்லுங்கள், 1934-லிருந்து இருக்கிறது, நம் மாநிலத்தில் இந்தத் தொழில் எங்கே வேர்விட்டது என்று தெரிந்துகொள்ளட்டும். அப்புறம் வந்தவர்கள் எல்லோரையும் அவரவர் பேட்ஜை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: பேர் சரியா, இந்தக் காலாண்டுக்கு உரியதா? லெட் ஏப்ரன் ஒன்றைக் கொண்டுவந்து, மடித்து வைத்தால் உள்ளே எப்படி விரிசல் விடும் என்று எக்ஸ்ரே எடுத்த படத்தோடு காட்டுங்கள். மூத்தவர் யாராவது எக்ஸ்ரே ஃபிலிம் கழுவிய பழைய டார்க் ரூம் அனுபவத்தைச் சொன்னால் சின்னவர்கள் ஆசையாகக் கேட்பார்கள், ஃபிலிமைத் தொட்டே பார்க்காத தலைமுறை அல்லவா.

ஒரே ஆளாக எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். ஐந்து பேரிடம் ஐந்து வேலையைக் கொடுங்கள், அதில் இரண்டு பேர் சொதப்பினாலும் பரவாயில்லை, அடுத்த வருடம் அவர்கள்தான் ஓடி வந்து நிற்பார்கள். நிகழ்ச்சியைக் காலை ஒன்பதரைக்கு மேல் வையுங்கள், நைட் டியூட்டி முடித்து வருகிறவர்களும் உட்காரலாம். கேக் வேண்டாம் என்று சொல்லவில்லை தம்பி. வர முடியாமல் எமர்ஜென்சியில் மாட்டிக்கொண்டவர்களுக்கும் ஒரு துண்டு எடுத்து வைத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள்.